மாமியார் கேட்ட புள்ளிகள்

"இந்தப் புள்ளி எதுவும் போகக் கூடாது. அப்படியே இருக்கட்டும்."

பெத்தம்மாள் சொன்னதைக் கேட்டு முஹ்சினா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கோவில்பட்டியில் ஏழு வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறாள். மருவை எடு, கன்னத்தை வெளுப்பாக்கு, தொப்பையைக் குறை என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அழுக்காகவே போட்டுக் கொடு என்று ஒருவரும் கேட்டதில்லை.

பக்கத்து நாற்காலியில் மருமகள் ப்ரியதர்ஷினி. கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகிறது. நாகலாபுரத்தில் மாமியார் வீட்டு வாசற்படியில் அவள் வலது காலை எடுத்து வைக்கிற படம் அது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, வீட்டின் முன்னறையில் மாட்டப் போகிறார்கள்.

எடுத்தது முஹ்சினாவின் தம்பி தௌசிப். இன்றைக்கு அவன் கயத்தாறில் வேறொரு கல்யாணத்தில் இருக்கிறான். அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது, பிளாஷும் மக்கர் பண்ணிவிட்டது. நாலைந்து பேர் பிடித்த செல்போன் வெளிச்சத்தில் எடுத்திருந்தான். படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி. தொழிலில் அதற்கு நாய்ஸ் என்று பெயர். அதைப் போக்க மூன்று சாப்ட்வேரைச் சோதனைக்கு இறக்கி, இந்தப் படத்திலேயே போட்டுப் பார்த்து, நல்லதை வாங்கிவிடுவது என்று முஹ்சினா தீர்மானித்திருந்தாள்.

"பெரியம்மா, இதப் பாருங்க. மொத சாப்ட்வேரு. புள்ளி போயிருச்சு, ஆனா மூஞ்சி மெழுகு பொம்ம மாதிரி ஆயிட்டு. இது நமக்கு வேண்டாம். ரெண்டாவதப் பாருங்க. தலமுடி ஒண்ணொண்ணாத் தெரியுது, சேலக் கரையும் தெளிவா இருக்கு. நான் இதத்தான் வாங்கப் போறேன்."

உண்மையிலேயே படம் பளிச்சென்று இருந்தது. ப்ரியதர்ஷினிக்குத் தன் முகத்தைப் பார்த்துத் தனக்கே சிரிப்பு வந்தது.

"நல்லாருக்கு அத்த."

"ஏட்டி, நீ சும்மா இரு. இது வேண்டாம்."

முஹ்சினா விடவில்லை. தன் வேலைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"மூணாவதுல நாம கூட்டிக் கொறச்சுக்கிடலாம். பாதி மட்டும் எடுக்கட்டுமா?"

"பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம்."

"இதப் போயி சொவத்துல மாட்டுனா, வாரவிய எல்லாம் எந்த ஸ்டூடியோன்னு கேப்பாவ. எங்க பேருல்லா கெட்டுப் போகும்!"

"ஒம் பேரப் போடாத. ஆரு கேட்டா?"

அந்த நேரம் பார்த்து ப்ரியதர்ஷினியின் போன் அடித்தது. அவள் புருஷன். எழுந்து வெளியே போகும்போது அவள் கண் கலங்கியிருந்ததை முஹ்சினா கவனித்தாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. மாமியார் எல்லாம் ஒரே ரகம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததைக் கேட்டும் விட்டாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க பெரியம்மா, நேராவே கேக்கேன். மருமக அழகா இருந்தா ஒங்களுக்கு என்ன பொறுக்கல? வீட்டுக்கு வந்து இருபது நாளுதான் ஆகுது, பாவம்."

பெத்தம்மாளுக்குக் கோபம் வரவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"அவ மூஞ்சிய நீ எப்படி வேணாலும் தொடச்சுக்கோ தாயி. ராணி கணக்கா ஆக்கு. தலைக்கு மேல இருக்கத மட்டும் தொடாத. நீ காட்டுன ரெண்டுலயும் அது போயிருச்சு."

"வேண்டிய எடத்த மட்டும் தொடைக்க மூணாவதுல வழி இருக்கு. அப்ப அதையே வாங்கிருதேன். ஆனா தலைக்கு மேல அப்படி என்ன இருக்கு?"

கேட்டுக்கொண்டே முஹ்சினா பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். முகத்தில் இருந்தவை வெறும் பொடிப் புள்ளிகள்தான். தலைக்கு மேலே இருந்தவை வேறு மாதிரி. சாய்வாக, கோடு கோடாக, எல்லாம் ஒரே பக்கமாக விழுந்துகொண்டிருந்தன. சாப்ட்வேருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. இவ்வளவு நேரமாக அவளுக்கும் அப்படித்தான்.

"நிச்சயம் பண்ணுன மறுநாளு எங்க வீட்டுக்காரரு வண்டியில இருந்து விழுந்து காலு ஒடிஞ்சிட்டு. பொண்ணுக்கு ராசி இல்லன்னு அன்னைக்கே ஊருக்குள்ள ஆரம்பிச்சுட்டாளுவ. இவ காதுல விழ வேண்டாம்னுதான் இவ்வளவு நேரம் வாயத் தொறக்கல" என்றாள் பெத்தம்மாள்.

முஹ்சினாவுக்கு முகம் சுண்டிவிட்டது. திரையில் அந்தச் சாய்வுக் கோடுகளை இன்னும் பெரிதாக்கினாள்.

"ஐப்பசி பொறந்தும் எங்க கரிசல்ல சொட்டு மழ கெடையாது. வெதச்ச உளுந்து மொளைக்காமக் கெடந்துச்சு. இவ வாசப்படியில கால வைக்கா, சடசடன்னு தூத்தல் போட்டுச்சு. அஞ்சு நிமிஷந்தான். அங்கன நின்னு நனஞ்சவளுவளே இன்னைக்கு 'மழையா, எப்ப பெஞ்சுது?'ங்காளுவ. எம் மருமக அழகு எனக்குத் தெரியும் தாயி. அவ வரும்போது மழையும் கூட வந்துச்சுன்னு ஊருக்குத் தெரியணும். இனிமே எவளாவது ராசி பேசிக்கிட்டு எங்க வீட்டுப் படி ஏறட்டும், பதிலே சொல்ல மாட்டேன், சொவத்தக் காட்டுவேன்!"