மைனஸ் எண்பது

“அத்த மட்டும் குப்பையில போட்டுடாதீங்க சார்!”

பிரிசில்லா பதறியதில் பரணிதரனின் கை அப்படியே நின்றது. செங்கல்பட்டு ஆய்வகத்தின் பழைய மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் காலையிலிருந்து இழுத்துக்கொண்டு கிடந்தது. உறைந்த கிருமிக் குழாய்களில் தேவையானவற்றை மட்டும் பனி உருகுவதற்குள் புது ஃப்ரீசருக்கு மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் ஆட்டோகிளேவ் நீராவியில் வெந்து சாக வேண்டியதுதான்.

“அக்கா, இது யார் தொண்டையில தேடினாலும் கிடைக்கிற சாதா கிருமி. இதை வெச்சு என்ன பண்ணப்போறோம்?”

“அது பாட்டுக்கு ஓரமா கீது. யாருக்கு இன்னா பேஜாரு?”

“இடம் வேணாமா? எல்லாத்துக்கும் ‘இருக்கட்டும்’னா ஃப்ரீசருக்கு மாடிதான் கட்டணும்.”

அவள் சிரிக்கவில்லை. “எங்க வூட்டுக்காரர் இருந்தப்போ எடுத்தது சார்.”

பரணிதரனுக்கு விளங்கிவிட்டது. அவள் கணவர் ஸ்டான்லியும் இதே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

“நல்லாப் பாடுவாராமே அக்கா?”

“கோவளம் சர்ச்சுல அவரு பாட ஆரமிச்சா, படகாண்ட வலை பிரிச்சிகினு இருக்கிறவங்க கூட நிமிந்து பாப்பாங்க. இங்கயும் பாட்டுதான். ‘மெதுவாய்யா, கிருமிங்கல்லாம் தூங்குது’ம்பேன். ‘அதுங்களுக்குத் தாலாட்டு பாடறேன்டி’ம்பாரு...”

சொல்லும்போதே அவள் அந்த நாட்களுக்குப் போய்விட்டிருந்தாள்.

பரணிதரன் குழாயைக் கையுறையால் தேய்த்தான். பனி விலகி, நீல மையில் முத்து முத்தாக ஓர் எண் தெரிந்தது. அவன் மனசு கேட்கவில்லை. ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“அவர் கையெழுத்து. நீங்களே பத்திரமா வெச்சுக்கோங்க.”

குழாயை, அழிக்க வேண்டியவை கிடந்த பையில் போட்டான்.

பிரிசில்லா பையில் கையை விட்டாள். குழாயை எடுத்து, புது ஃப்ரீசருக்குப் போகும் ட்ரை ஐஸ் பெட்டிக்குள் அழுத்தி மூடினாள். காகிதத்தை அவனிடமே நீட்டினாள்.

“இத்த ஒட்டிக் குடுங்க சார், எழுத்து என்னுது. சாம்பிள் குடுத்தவங்க பேரச் சொல்லக் கூடாதுன்னு ரூல்ஸு, அதான் சொல்லாம இருந்தேன். உள்ள உசிரோட கீறது, கல்யாணத்துக்கு முன்ன ஸ்டான்லி தொண்டையில இருந்து நான் எடுத்தது.”