இரண்டு அடுப்பு வீடு

"கைநாட்டு வெக்க வர்றதுக்கு என்னாடி இம்மாம் நேரம்?" என்று திருவேங்கடம் போட்ட கூச்சலில் புத்தூர் பஞ்சாயத்து ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள். அவருடைய தம்பி பெண்சாதி. புருஷனை இழந்து ஒன்பது மாதம் ஆகிறது. தம்பிக்கு வீட்டில் பங்கே கிடையாது, இவள் வெளியேற வேண்டும் என்று சித்தூர் கோர்ட்டில் பிராது போட்ட மகராசன்தான் இன்று அவளைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

வேறு வழியில்லை. வீடு முழுக்கத் திருவேங்கடத்துக்கே சொந்தம், வரி குறைவாகப் போட்டிருக்கிறது என்று யாரோ தெலுங்கில் மொட்டைக் கடுதாசி எழுதிப் போட, வீட்டு வரி இரண்டு மடங்காகிவிட்டது. அவர் அப்பீல் செய்தார், இன்று விசாரணை.

"ஒரே ஆளு வீடுன்னா இந்த வரிதான்," என்றார் குமாஸ்தா கோவர்த்தனன். "ரெண்டு பங்கு, ரெண்டு அடுப்புன்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தா தனித்தனியா போடுவாங்க. உங்களுக்குப் பாதிதான்."

"எழுதுங்க. தெக்குப் பாதி இவளுது. அந்த வரியை இவளே அழட்டும்!"

தம்பி செத்த மறுமாதமே அவள் அடுப்பைத் தனியாக்கியவரும் இவர்தான். கோர்ட்டில் ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு என்றாலும் மனிதருக்குப் பயமே இல்லை. ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரிக்கப் போகிறார்கள், ஊர் மெட்ராஸ் பக்கம் போய்விடும், அப்புறம் இந்தத் தெலுங்குக் காகிதம் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும் என்பது அவர் நினைப்பு.

கோவர்த்தனன் தெலுங்கில் எழுதி, படித்துச் சொன்னார். திருவேங்கடம் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைப்பெட்டியை அம்சவேணி பக்கம் தள்ளினார். அவள் அதைத் தொடாமல் பேனாவை வாங்கி, குண்டு குண்டான தெலுங்கு எழுத்தில் பெயரை எழுதினாள்.

"அடேங்கப்பா, பொறந்த ஊரு காளாஸ்திரிப் படிப்பு! பத்துப் பாத்திரம் தேய்க்க ரொம்ப ஒதவும்," என்று இளித்தார் திருவேங்கடம்.

அதிகாரி உத்தரவில் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். வரி பாதியானது.

வாசலுக்கு வந்ததும் திருவேங்கடம் மீசையைத் தடவிக்கொண்டார். "வரி கட்றேன்னு சொல்லிக்கினு ஊட்லயே ஒட்டிக்கினு கெடக்காத. ஆடிக்குள்ள காலி பண்ணிடு."

அம்சவேணி அங்கேயே நின்றாள். கோவர்த்தனன் பின்னாலேயே வந்து, அவள் கேட்டிருந்த உத்தரவு நகலை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"இது உனக்கு எதுக்குடி?"

"திங்கக்கெழமை கோர்ட்ல குடுக்கணும்னு வக்கீல் சொன்னாரு." நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மொட்டைக் கடுதாசி எழுதினது நான்தான் மாமா."