கம்பி கட்டிய தாடை

அறுவை சிகிச்சை முடிந்து அவன் தாடையைக் கம்பியால் இறுகக் கட்டியிருக்கிறார்கள். பல்லிடுக்கு வழியே மனைவி ஸ்ட்ராவில் பால் புகட்டுகிறாள். வீங்கிய கன்னத்தில் ஜன்னல் வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. மகள் எங்கே என்று இன்றும் கண்ணாலேயே கேட்கிறான். அத்தை வீட்டில் இருப்பதாகத்தான் எல்லோரும் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். வாயோரம் வழிந்த பாலைத் துடைத்துவிட்டு அவள் அவன் காதருகே குனிகிறாள். "பாப்பா அத்தை வீட்ல இல்லங்க. குடிச்சுட்டு அவள முன்னாடி உக்கார வச்சு வண்டி ஓட்டுனீங்களே, அந்த இடத்துலயே செத்துட்டா." கம்பிக்குப் பின்னால் ஓர் அலறல் முட்டி மோதி, முனகலாகக் கசிகிறது. கட்டில் அதிர்வதைக் கேட்டு நர்ஸ் ஓடி வருகிறாள். "வலி தாங்கல போலிருக்கே, ஊசி போடட்டுமா?" அவன் தலையணையைச் சரிசெய்தபடி மனைவி சொல்கிறாள், "வேணாம் சிஸ்டர், தாங்கிக்குவாரு."