கடல்கோயில் செருப்புகள்

"அண்ணே, தண்ணி வார்வரைக்கும் வந்துடுச்சு!" என்று பாறை இடுக்கிலிருந்து இடது செருப்பு கத்தியது.

"கத்தாதேடா. பூஜை முடிஞ்சதும் வந்துடுவாங்க" என்றது கோயில் படியில் கிடந்த வலது செருப்பு.

தீவின் முனையில், கடலுக்குள் நீண்ட பாறையின் மேல் இருந்தது அந்தப் பழைய கோயில். ஜோடியாக விட்டால் திருடு போய்விடும் என்று, வேதவல்லி ஒன்றைப் படியில் விட்டு, மற்றதைக் கீழே இடுக்கில் செருகிவிட்டு உள்ளே போயிருந்தாள். அப்போது கடல் தள்ளி இருந்தது.

ஒரு நண்டு வந்து நின்றது. "நேத்தும் இதே இடத்துல ஒருத்தர் இருந்தார்" என்றது.

"இப்போ எங்கே?"

நண்டு மேலே ஏறத் தொடங்கியது.

"அண்ணே, இறங்கி வந்து இழு. நான் போயிட்டா உன்னையும் தூக்கி எறிஞ்சிடுவாங்க. ஒத்தைச் செருப்பை யாரு மாட்டுவா?"

அது வலது செருப்புக்கும் தெரியும். விளிம்புவரை நகர்ந்து எட்டிப் பார்த்தது. உள்ளே மணி அடித்தது.

"தீபாராதனை ஆரம்பிச்சாச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோடா."

அடுத்த அலை இடுக்கை மூடியது. அது வடிந்தபோது அங்கே எதுவும் இல்லை. படியில் சாரல் தெறித்தது. வலது செருப்பு இன்னொரு படி மேலே ஏறிக்கொண்டது.