பதினேழு குரல்கள்

இலங்கையின் வட்டகொடை மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் சிசிலிக்குப் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. இந்தியாவுக்குக் கப்பலேறிய அவள் தம்பி றோலண்ட், வானத்தில் ஒரே இடத்தில் நிற்கப்போகும் செயற்கைக்கோளுக்குக் கம்பிகளைப் பற்றவைத்தவன். மத்தியானச் சோற்று நேரத்தில் அவள் அதை உரக்க வாசித்தாள்.

"அக்கா, மேலே போன சேட்டலைட் மூணு நாளாப் பேசல. சிலோன்காரன் பத்தவச்ச கம்பிதான் விட்டுருச்சுன்னாங்க. வேலை போயிருமேன்னு ஜெபம் பண்ணினேன். வியாழக்கிழமை காலையில பேசிருச்சு. மொதல்ல கேட்டது, 'பொலி, பொலி'ன்னு ஒருத்தி பின்னால ஒருத்தியா பதினேழு பொம்பளைங்க கொரலு."

முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது அவர்கள் தினமும் சொல்கிற சொல் அது.

"நம்ம கொரலு ஆகாசம் வரைக்கும் போயிருக்குடி!" என்று தலைநிமிர்ந்தாள் சிசிலி.

"ஒன் தொண்டைக்கு அதையும் தாண்டிப் போகும்" என்று சிரித்த பேச்சியம்மா, விரல் மடக்கி எண்ணினாள். "நாம பதினாறு பேருதானே?"

மற்றவர்களும் எண்ணினார்கள். பதினாறுதான்.

"யாரா இருந்தா என்ன? என் தம்பி பொழப்பக் காப்பாத்துனவ. அவளுக்கும் ஒரு நெரை விடுங்க" என்றாள் சிசிலி.

மறுநாள் ஆளுக்கொரு தேயிலைச் செடி நிரை பிடித்தார்கள். நடுவில் ஒன்றைத் தொடாமல் விட்டார்கள். மத்தியானம் கங்காணி பொன்னையா வந்து, அந்த நடு நிரையின் முன் நின்றார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஒரு செடி விடாமல் கிள்ளியிருந்தது.

"இவ்வளவு நேர்த்தியா கிள்ளுனது யாரு?"

"எங்க ஆளுதாங்க" என்றார்கள் பதினாறு பேரும்.