கேட்டை விட அகலமான பம்பர்

மூத்த மகன் ஓட்டிப்போய் மோதிச் செத்த பிக்கப் வண்டிக்கு அருளப்பன் தன் வீட்டு முற்றத்திலேயே புது பம்பர் பற்றவைத்தார். பட்டறைக்காரர்கள் மெல்லிய குழாயாகப் போட்டு ஏமாற்றுவார்களாம். வேலை முடிந்த அன்று இளையவன் லூர்து சாவியோடு ஏறி, முன்னால் பார்த்துவிட்டு இறங்கினான்.

“யப்பா, பம்பர் கேட்டை விட அகலமா இருக்கு. வண்டி எப்படி வெளிய போகும்?”

அருளப்பன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றவில்லை. “கேட்டை அளந்துட்டுத்தான் குழாயை வெட்டுனேன்.”

லூர்து சாவியை பானட்டின் மேல் வைத்தான். “சரி. நான் நாளையில இருந்து லாரிக்குப் போறேன். பேசியாச்சு.”

அவன் செருப்பை மாட்டினான். அருளப்பன் இன்னும் சூடு ஆறாத இரும்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அந்த லாரியில பம்பர் கெட்டியா இருக்காய்யா?”