அம்புரோஸ் அடித்த செக்

மிஷினிலிருந்து வந்த தாளை, மை காய்வதற்கு முன்பே சட்டைக்குள் செருகிக்கொண்டார் அம்புரோஸ். கோத்திருந்த ஈய எழுத்துக்களை அவசரமாகப் பிரித்து, எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டார். முதலாளி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பாங்கின் பெயரில் ஒரு எழுத்துகூட மேஜையில் மிஞ்சியிருக்கக் கூடாது.

ராயபுரத்தில் அந்தச் சின்ன அச்சாபீசில் அவர் பதினெட்டு வருஷமாக எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிக் கார்டு எல்லாம் கோத்த கை. செக் கோத்தது இன்றைக்குத்தான்.

கணக்கு என்னவோ அவருடையதுதான். அதிலிருந்த நானூற்றுச் சொச்சமும் அவர் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது. ஆனால் செக் புஸ்தகம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிச் சாவி மனைவி ஹில்டாவின் இடுப்பில் இருந்தது. எதுக்கு என்று கேட்காமல் அவள் தரமாட்டாள். எதுக்கு என்பதைத்தான் அவரால் சொல்ல முடியாது.

மகள் ஜெரினா, வியாசர்பாடி நீலமேகத்தைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கே ஹில்டா சுவரிலிருந்த மகளின் போட்டோவைக் கழற்றிவிட்டாள். "அவ பேரு இந்த வூட்ல கேக்கக் கூடாது. மீறிப் போய்ப் பாத்தேன்னு வெச்சுக்கோ, அப்பறம் என்னிய உயிரோட பாக்க மாட்ட" என்றாள். அம்புரோஸ் போகவில்லை. போகாததும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் நீலமேகம் அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றான். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன்.

"மாமா, ஜெரினா ஆஸ்பத்திரில கீது. ஆபரேஷன் பண்ணித்தான் புள்ளைய எடுக்கணும்ன்றாங்கோ. புதன்கெழமைக்குள்ள ரத்தம் வாங்கி வெக்கணுமாம். எனக்கு வேற யாரையும் தெரியாது மாமா."

அதற்காகத்தான் இந்தச் செக்.

செக் அடித்த அன்று சாயங்காலம் ஹில்டா சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினாள். சட்டைக்குள்ளிருந்த தாள் நெஞ்சைச் சுட்டது. பாங்கையும் ஏமாற்றி, சோறு போடுகிறவளையும் ஏமாற்றுகிறோமே என்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னா, சோறு எறங்கலியா?"

"ஒண்ணுமில்ல. வேல ஜாஸ்தி."

ஹில்டா மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் தட்டிலும் சோறு அப்படியே இருந்தது. நம் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாளோ என்று பயந்து, அம்புரோஸ் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் புதன்கிழமை காலை பாங்க் திறந்ததும் செக்கை நீட்டினார். குமாஸ்தா அதைத் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், எடுத்துக்கொண்டு, பாங்குக்குத் தலைவரான ஏஜெண்டின் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அம்புரோசையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

ஏஜெண்ட் வாய் திறப்பதற்கு முன்பே அம்புரோஸ் கையைக் கூப்பிவிட்டார். "தப்புதான் சார். நானே அடிச்சது. போலீசுல குடுக்கறதுன்னா குடுங்க. ஆனா இன்னிக்கு மட்டும் வுட்ருங்க. பொண்ணுக்கு ஆபரேஷன்."

ஏஜெண்ட் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்கு உங்களுதா?"

"ஆமா சார்."

"கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"அப்புறம் எதுக்குப் போலீஸ்? வெறும் தாள்ல எழுதிக் குடுத்தாலும் சட்டப்படி அது செக்குதான். யார் அச்சடிச்சதுன்னு சட்டம் கேக்காது. எங்க தாள்லதான் எழுதணும்னு பாங்க்ல ஒரு ரூல் இருக்கு, அவ்வளவுதான். அடுத்தவங்க கையெழுத்தைப் போட்டாத்தான் ஜெயில்."

அம்புரோஸ் கூப்பிய கையை அப்போதுதான் இறக்கினார். ஆனால் ஏஜெண்ட் பேரேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆனா பணம் எங்க இருக்கு? நேத்துத்தான் உங்க செக் புக்ல இருந்து ஒரு செக் வந்து, நானூறு ரூபா போயிருக்கே. இப்ப ஏழு ரூபாதான் பாக்கி."

அம்புரோசுக்கு ஹில்டாவின் இடுப்புச் சாவி கண்முன் வந்தது. விஷயம் தெரிந்துவிட்டது அவளுக்கு. மகளுக்குப் போய்விடக் கூடாதென்று முந்திக்கொண்டாள். நான் எடுக்கவில்லை என்று வாய்வரை வந்ததை விழுங்கினார். சொன்னால் கட்டினவளைக் காட்டிக்கொடுத்ததாகும்.

"மறந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். வெறுங்கையோடு போய் மருமகனிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. மாடிப்படியில் நீலமேகமே எதிரே ஓடிவந்தான்.

"பொண்ணு பொறந்துகீது மாமா. காலைலயே ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் நல்லாகீறாங்கோ."

"ரத்தம்?"

அவன் வார்டுக்குள் கை காட்டினான். கட்டிலில் ஜெரினா கண்மூடிக் கிடந்தாள். தலைமாட்டில் ரத்த பாட்டில் தொங்கியது. பக்கத்தில், துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஹில்டா உட்கார்ந்திருந்தாள்.

அவரைப் பார்த்ததும் குழந்தையை நீலமேகத்திடம் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஜெரினா ஆஸ்பத்திரில கீதுன்னு மீன்காரி பூவம்மாதான் சொல்லிச்சு. பெத்தவயிறு கேக்கல. பேரே எடுக்கக் கூடாதுன்னு நானே சொல்லிட்டு, உன்னாண்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கினு கேப்பேன்?"

"சரி, வுடு. பணம்தானே?" என்றார் அம்புரோஸ்.

"பணம் இல்லய்யா" என்றாள் ஹில்டா. வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உன் கையெழுத்த நான்தான் போட்டேன்."